ரொட்டி வந்த வழி

மலையகம்னு சொன்னதும் தேயிலைக்கு அடுத்து ஞாபகம் வருவது ரொட்டியும் சம்பலும்தான். ஹந்தானையிலோ தெல்தோட்டையிலோ மலைக்குப் போகிறவரின் சாப்பாட்டில் கோதுமை மா ரொட்டி இருக்கும். கண்டி டவுனுக்கு இறங்கினால் பாண், பணிஸ், ரோல்ஸ், கொத்து. இப்படியொரு ஊரில் ஒருத்தருக்கு சீலியாக் நோய் என்று டொக்டர் சொன்னால்?

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். வயிற்றோட்டம், இரத்தச்சோகை, மெலிவு, தீராத களைப்பு என்று அது வெளியே தெரியும். வாழ்நாள் முழுக்க குளூட்டனை விடுவதுதான் சிகிச்சை.

இங்கே அதிகம் கேள்விப்படாத பெயர் என்பதால் "ஒரு ரொட்டி தின்னா என்ன ஆகிடும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். மறுப்பவருக்கோ வீட்டு ஆட்களையே மறுக்கிற மாதிரி உறுத்தும். அந்த உறுத்தலுக்கு வரலாறு கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறோம்.

கோப்பிக் காலத்தில் இங்கே வந்த நம் முன்னோருக்குத் தோட்டத்தில் கொடுத்தது அரிசி. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட காலத்திலும் அரிசிதான். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தக் குறையை நிரப்பத்தான் பங்கீட்டில் கோதுமை மா பெரிதாக நுழைந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை ஓடத் தொடங்கியது.

அதே போரில் நெதர்லாந்தில் நடந்தது நேரெதிர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே பாண் கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடக்க, சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். முன்பே கோதுமையைச் சந்தேகித்து வந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கவின் எண்ணம் இதனால் உறுதிப்பட்டது. 1950இல் அதையே ஆய்வேடாக எழுதினார்.

ஆக, ரொட்டி நம்மிடம் தட்டுப்பாட்டில் வந்து, பழகி, ருசியாகிப் போனது. அதைச் சாப்பிட முடியாதவர் இந்த மலைக்கு அந்நியமாகிவிட மாட்டார். சோறு, தோசை, அரிசி மா பிட்டு, குரக்கன், மரவள்ளி, பலாக்காய் எல்லாம் அவருக்கு உண்டு. விலைகூடிய வெளிநாட்டுப் பக்கெட்டுகளைத் தேடி அலையத் தேவையில்லை.

கவனம் வேண்டியது ஒளிந்திருக்கும் கோதுமையில்தான். கடை இடியப்பத்திலும் குரக்கன் ரொட்டியிலும் கோதுமை மா கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்க. சோயா சோஸ், பெருங்காயத்தூள், மோல்ட் பானங்களின் லேபலைப் பாருங்க. ஒரே அடுப்படிதான் என்றாலும் ரொட்டிக்கல்லும் அரிதட்டும் தனியாக இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீங்க. நிறுத்தினால் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம்.

வீட்டுக்கு வந்தவர் ரொட்டி வேண்டாம் என்றால் வற்புறுத்தாம, தனிக்கல்லில் அரிசி மா ரொட்டி ஒன்று சுட்டுக் கொடுப்போம். தொட்டுக்க அதே சம்பல்தான்.