குடும்பத்தோட கப்பல் டூர் போறீங்களா? கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேணுமா? முழு விவரம் இதோ!

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போன காலம் போய், இப்போது பலரும் சொகுசுக் கப்பல் பயணத்துக்குத் திட்டமிடுகிறார்கள். டிக்கெட் போட்டாச்சு, லீவும் சொல்லியாச்சு. அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்: "பாப்பாவுக்கு 2 வயசுதானே, அதுக்கும் பாஸ்போர்ட் எடுக்கணுமா?"

சுருக்கமான பதில்: குழந்தையின் வயதை வைத்து இது முடிவாவதில்லை. கப்பல் எங்கே போகிறது, குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்ற இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. இதில் குழம்பினால், துறைமுகம் வரை போய்விட்டு ஒட்டுமொத்தக் குடும்பமும் திரும்பி வர வேண்டியதுதான். ஆவணம் இல்லாததால் கப்பலில் ஏற முடியாமல் போனால், பொதுவாக டிக்கெட் பணமும் திரும்பக் கிடைக்காது.

இந்தியாவுக்குள் மட்டும் சுற்றும் கப்பலா?

மும்பையில் இருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என இந்தியாவுக்குள்ளேயே போய்வரும் கப்பல் என்றால், இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. பெரியவர்களுக்கு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அரசு அடையாள அட்டை போதும். குழந்தைக்கு ஆதார் இருந்தால் அதையும், கூடவே பிறப்புச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். லட்சத்தீவில் இறங்க இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு அவசியம். அதைக் கப்பல் நிறுவனமே வாங்கித் தருமா, குழந்தை பெயரும் அதில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இலங்கை பக்கத்துல தானே இருக்கு?

பக்கத்தில் இருந்தாலும் அது வேறு நாடு. 2023 ஜூன் 5-ம் தேதி சென்னையில் இருந்து இலங்கைக்கு 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போகும் பாதை அது. இப்படி இந்திய எல்லையைத் தாண்டி வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் எந்தக் கப்பலாக இருந்தாலும், கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாஸ்போர்ட் கட்டாயம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பலுக்கும் இதே விதிதான்.

"நேபாளத்துக்கு ஆதாரை வச்சே குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனோமே" என்று சிலர் சொல்வார்கள். அது நேபாளம், பூடானுக்கு மட்டும் உள்ள தனிச் சலுகை. இலங்கைக்குப் பொருந்தாது.

அம்மா பாஸ்போர்ட்டிலேயே குழந்தை பெயரைச் சேர்க்கலாமா?

முன்பு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இப்போது கிடையாது. பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருந்து கப்பல் ஏறுபவர்கள் கவனிக்க!

சென்னையில் இருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட் போய்வருவது நம்மூர் குடும்பங்கள் அதிகம் விரும்பும் பயணம். இங்கே பாஸ்போர்ட் மட்டும் போதாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தைக்கும் சிங்கப்பூர் விசா வேண்டும். கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். அதனால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இருந்தால் சிக்கல். பலமுறை நுழையும் விசாவா என்று குழந்தையின் விசாவையும் தனியாகப் பாருங்கள். வழியில் உள்ள நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பயணத்துக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

"அமெரிக்காவுல பிறப்புச் சான்றிதழே போதுமாமே?"

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி, பஹாமாஸ், மெக்சிகோ, கரீபியன் தீவுகள் போன்ற இடங்களுக்குப் போய், அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணத்தை 'குளோஸ்டு லூப்' என்பார்கள். இந்தப் பயணத்தில் 16 வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தைகள், பிறப்புச் சான்றிதழை மட்டும் காட்டி அமெரிக்காவுக்குத் திரும்பலாம்.

இந்தச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. ஹெச்1பி விசாவில் அங்கே வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பிறந்த இளைய குழந்தைக்கு இந்தச் சலுகை உண்டு. இந்தியாவில் பிறந்து இந்தியக் குடியுரிமையில் இருக்கும் மூத்த பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கிடையாது. அவர்களுக்குப் பாஸ்போர்ட்டும், திரும்பி நுழைவதற்கான விசா ஆவணங்களும் வேண்டும்.

சலுகை உள்ள குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுப்பதே பாதுகாப்பு. நடுவழியில் உடம்புக்கு முடியாமல் ஏதோ ஒரு தீவில் இறங்க நேர்ந்தால், அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்பப் பாஸ்போர்ட் தேவைப்படும். கூடவே, சில தீவு நாடுகளும் கப்பல் நிறுவனங்களும் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாகக் கேட்கும்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பது எப்படி?

● பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, குறித்த தேதியில் குழந்தையை நேரில் அழைத்துச் செல்ல வேண்டும்.

● 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான கட்டணம் 1,000 ரூபாய். 8 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புதிதாக எடுத்தால் 10 சதவீதம் சலுகை. தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய்.

● 2023 அக்டோபர் 1-ம் தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தால், முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

● பெற்றோர் இருவரும் சம்மதித்து 'அனெக்ஷர் டி' படிவம் தர வேண்டும். ஒருவரின் சம்மதம் பெற முடியாத சூழல் என்றால் 'அனெக்ஷர் சி' படிவம்.

● 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்!

பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். குழந்தைகளுக்கு 5 ஆண்டு அல்லது 18 வயது நிறையும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். 15 வயதைத் தாண்டியவர்கள் விரும்பினால் 10 ஆண்டுப் பாஸ்போர்ட் எடுக்கலாம். எல்லாரும் ஒரே நாளில் எடுத்திருந்தாலும், பிள்ளைகளின் பாஸ்போர்ட் முதலில் காலாவதியாகிவிடும். பயணம் முடிந்து திரும்பும் தேதியில் இருந்து குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்று பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் கேட்கின்றன.

கிளம்பும் முன் மறக்கக்கூடாதவை

● அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் குழந்தையோடு போனாலோ, தாத்தா பாட்டி அழைத்துப் போனாலோ, வராத பெற்றோரின் நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதத்தைக் கையில் வையுங்கள்.

● 6 மாதம் நிறையாத குழந்தையைப் பல கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள்.

● டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் குழந்தையின் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

● துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு வந்து சேரும். பாஸ்போர்ட்டை அதில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

மொத்தத்தில், கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடுகிறது என்றால் குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதை முடித்துவிட்டால், கடைசி நேர அலைச்சல் இருக்காது.