டிராம்பே மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் தரமான பொறியியல் கல்லூரியைத் தேர்வு செய்வது எப்படி?

மும்பை: டிராம்பே, செம்பூர், தாராவி பகுதிகளில் 12-ஆம் வகுப்பு முடித்துப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்களுக்கு, ரயிலில் சென்று வரும் தொலைவிலேயே நாட்டின் பழம்பெரும் கல்வி நிறுவனங்கள் சில உள்ளன. ஆனால், நான்கு ஆண்டுப் படிப்பின் செலவைப் பெரும்பாலும் முடிவு செய்பவை இரண்டு: ஒன்று, கல்லூரி அரசு நிதியுதவி பெறுகிறதா என்பது, மற்றொன்று, கலந்தாய்வு தொடங்கும்போது மாணவரிடம் எந்தெந்தச் சான்றிதழ்கள் உள்ளன என்பது.

அருகில் உள்ள கல்லூரிகள்

மாதுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் (விஜேடிஐ) 1887-இல் தொடங்கப்பட்டது. இது மாநில அரசின் நிதியுதவி பெறும் தன்னாட்சி நிறுவனமாகும். அதே மாதுங்காவில் உள்ள வேதியியல் தொழில்நுட்பக் கழகம் 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக உருவாகி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியைப் பெற்றது. வேதிப் பொறியியலில் ஆர்வம் உள்ளோர் இதை முதலில் பரிசீலிக்கலாம். அந்தேரியில் 1962-இல் தொடங்கப்பட்ட சர்தார் படேல் பொறியியல் கல்லூரியும் அரசு உதவி பெறுகிறது. உதவி பெறும் கல்லூரியிலும் சில பாடப்பிரிவுகள் சுயநிதியில் நடைபெறலாம் என்பதால், பாடப்பிரிவு வாரியாகக் கட்டணத்தைப் பார்ப்பது அவசியம்.

சுயநிதிக் கல்லூரிகளில் செம்பூரின் விவேகானந்த் கல்விச் சங்கத் தொழில்நுட்பக் கழகம், ஷா அண்ட் ஆங்கர் கட்சி பொறியியல் கல்லூரி ஆகியவை டிராம்பேக்கு மிக அருகில் உள்ளன. மாதுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், நவி மும்பையின் நெருலில் ஒரு பொறியியல் கல்லூரியை நடத்துகிறது. மான்கூர்டிலிருந்து ஹார்பர் ரயில் பாதையில் நேரடியாக நெருலுக்குச் செல்லலாம். வீட்டிலிருந்தே சென்று வந்தால் விடுதிச் செலவு முழுவதும் மிச்சமாகும்.

சேர்க்கை முறை

மகாராஷ்டிரத்தில் பொறியியல் சேர்க்கை, மாநிலப் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு நடத்தும் எம்எச்டி-சிஇடி தேர்வின் அடிப்படையில் நடைபெறுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் சேர்த்து 100 என மொத்தம் 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. இதன் பிறகு மையப்படுத்தப்பட்ட கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்ய வேண்டும். முதல் விருப்பமாகக் குறித்த இடமே ஒதுக்கப்பட்டால் அதை ஏற்க வேண்டியிருக்கும் என்பதால், கட்டணத்தைப் பார்க்காமல் வரிசையைத் தயாரிப்பது பின்னர் சிக்கலாகும்.

கட்டணச் சலுகைகள்

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்கு உட்பட்ட பொதுப்பிரிவு மாணவர்களுக்கு, ராஜரிஷி சத்ரபதி சாகு மகராஜ் திட்டத்தின் கீழ் கல்விக் கட்டணத்தில் 50 சதவீதத்தை மாநில அரசு ஏற்கிறது. இதே வருமான வரம்புக்கு உட்பட்ட பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, சமூக, கல்வி ரீதியாகப் பின்தங்கிய பிரிவு, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவியருக்கு 2024-25 கல்வியாண்டு முதல் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுமையாக வழங்கப்படுகின்றன. இவற்றுக்கு 'மகாடிபிடி' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மேலும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) கல்விக் கட்டண விலக்குத் திட்டத்தில் பாடப்பிரிவுதோறும் 5 சதவீதக் கூடுதல் இடங்கள் உள்ளன. இவற்றுக்கும் வருமான வரம்பு ரூ.8 லட்சமே. ஆனால், இச்சலுகைகள் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கானவை. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பெறுவோருக்கு இவை கிடைக்காது.

சாதிச் சான்றிதழ்: தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கடைசி நேரத்தில் தடுமாறுவது இங்கேதான். மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீட்டைப் பெற, பட்டியல் சாதியினரின் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பிருந்தும், இதர பிற்படுத்தப்பட்டோரின் குடும்பம் 1967 அக்டோபர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்தும் இம்மாநிலத்தில் வசித்ததற்கான ஆதாரம் தேவை. அதற்குப் பின் குடியேறிய பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குத் தந்தையின் பூர்வீக மாநிலத்தின் அடிப்படையிலேயே சான்றிதழ் கிடைக்கும். அது மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. எனினும், மத்திய அரசின் ஒதுக்கீட்டுக்குச் செல்லும். ஆகவே, பவாயில் உள்ள ஐஐடி பம்பாய் உள்ளிட்ட மத்திய நிறுவனங்களில் ஜேஇஇ தேர்வு வழியாக இச்சான்றிதழைப் பயன்படுத்தலாம். ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

மாநில ஒதுக்கீட்டில் சேர சாதிச் சான்றிதழுடன், அதன் உண்மைத்தன்மையை உறுதி செய்யும் செல்லுபடிச் சான்றிதழும் வேண்டும். இதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் 11-ஆம் வகுப்பிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

சொந்த மாநிலத்தில் படிக்க விரும்புவோருக்கு மற்றொரு வழியும் உண்டு. தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தவர்கள், இருப்பிடச் சான்றிதழுடன் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் பங்கேற்கலாம். அங்கு நுழைவுத் தேர்வு இல்லை; 12-ஆம் வகுப்பின் கணித, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே போதும். விடுதிச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டு முடிவு எடுக்க வேண்டும்.

தரத்தை அறிவது எப்படி?

கல்லூரி முழுமைக்கும் 'நாக்' தரச்சான்று வழங்குகிறது. தேசிய அங்கீகார வாரியமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே அங்கீகாரம் அளிக்கிறது. எனவே, சேரவிருக்கும் பாடப்பிரிவுக்கு அந்த அங்கீகாரம் நடப்பில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். தேசிய தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் தகவல்களில், வேலை பெற்றோர் எண்ணிக்கையும் ஊதியத்தின் இடைநிலை மதிப்பும் இருக்கும். விளம்பரங்களில் இடம்பெறும் 'உச்ச ஊதியம்' ஒரே ஒரு மாணவருக்குரியதாகவும் இருக்கலாம். சராசரி மாணவரின் நிலையை இடைநிலை மதிப்பே காட்டும்.

நுழைவுத் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காதோர் மனம் தளர வேண்டியதில்லை. 10-ஆம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாந்த்ராவில் அரசு பாலிடெக்னிக் உள்ளது.

டிராம்பேயில் அமைந்துள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், 1957 முதல் இயங்கும் தனது பயிற்சிப் பள்ளிக்குப் பொறியியல் பட்டதாரிகளைத் தேர்வு செய்கிறது. பட்டப்படிப்பில் 60 சதவீத மதிப்பெண்ணுடன், 'கேட்' மதிப்பெண் அல்லது அம்மையத்தின் இணையவழித் தேர்வு, அதன் பின் நேர்முகத் தேர்வு ஆகியவையே அங்கு கணக்கில் கொள்ளப்படுகின்றன. அதிகக் கட்டணம் செலுத்திப் படித்தவர் என்பதற்காக எவருக்கும் அங்கு முன்னுரிமை இல்லை.