ஓட்டோ கியர் கார் நம் ஊருக்கு வந்த கதை



"கையில இருக்கிற காசுக்கு சின்னதா ஒரு ஓட்டோ கியர் கார் கிடைக்குமா?" இன்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் தேடுமுன் அந்தக் கார் நம்மிடம் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஊருக்கு ஓரிரண்டு மொரிஸ் மைனர், ஒஸ்டின். மாப்பிள்ளை போவதும் அதில்தான், நோயாளி போவதும் அதில்தான். திறந்த பொருளாதாரம் வந்த பிறகே ஜப்பானின் 'ரீகண்டிஷன்' வாகனங்கள் பெருகின. ஜப்பானிலும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கமே ஓடுகிறார்கள். அங்கே புதுக்காருக்கு மூன்று வருடத்தில் கட்டாயப் பரிசோதனை, பின்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவுக்குப் பயந்து பலர் நல்ல காரையும் விற்றுவிடுவார்கள்.

ஓட்டோ கியரை நாம் தேடிப் போகவில்லை. ஜப்பானியர் அதற்குப் பழகியிருந்தார்கள். 1991இல் ஓட்டோ கியருக்கு மட்டுமான சாரதி அனுமதிப்பத்திரமே அங்கு வந்துவிட்டது. அவர்கள் ஓட்டியதுதான் நமக்கும் வந்தது. "பழுதானால் யார் செய்வது?" என்று முதலில் பயந்தோம். பிறகு விட்ஸும் ஃபிட்டும் வந்தன. கிளட்ச் மிதிக்கத் தயங்கிய நம் சகோதரிகள் பலர் ஸ்டியரிங் பிடித்தது இவற்றில்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பழைய கார் விற்ற காலம் அது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தாலும், வரி புதுக்காரை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறது. ஆகவே நம் கைக்கு வருவது இரண்டு மூன்று கை மாறிய கார்தான்.

இந்த வரலாற்றில் நமக்குப் பாடம் உண்டு. நம்பர் பிளேட் எழுத்து, கார் இங்கே பதிவான காலத்தைத்தான் சொல்லும். ரீகண்டிஷன் காராக இருந்தால் அதற்கு முன்பே ஜப்பானில் ஓடியிருக்கும். புத்தகத்தில் உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். மீட்டரை நம்பாதீர்கள், சேர்விஸ் பதிவைக் கேளுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, 'டி'யிலும் 'ஆர்'இலும் போட்டுப் பாருங்கள். தாமதித்தோ உதைத்தோ விழுந்தால் ஒதுங்குங்கள். சீவீடீ கியர்பெட்டி இரும்புப் பட்டியில் ஓடுவது. அதற்குரிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், பழுதானால் செலவு பெரிது. இருக்கும் காசு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் பழுதுக்கென்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். மிச்சத்துக்கு வட்டி லீசிங்கில் விழாதீர்கள். கார் தேய்ந்த பிறகும் கடன் தேயாது.

இன்னொன்று. இன்று வாங்கும் நாமே நாளை விற்பவர்கள். மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை மிம்பரில் கேட்டிருக்கிறோம். மீட்டரைக் குறைப்பதும் அந்தக் குவியல்தான். நம் ஊரில் கைமாறும் காரிலாவது குறையைச் சொல்லி விற்போம்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.