புனித அன்னாள் சதுக்கம்

புனித அன்னாள் சதுக்கம், டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில், பிரெட்கேட வீதியிலிருந்து துறைமுகக் கரைவரை நீண்டு செல்லும் பழைய பொதுவெளியாகும். டேனிஷ் மொழியில் இது சாங்க்ட் அன்னே பிளாட்ஸ் என வழங்கும்; மரியாளின் தாயாகிய புனித அன்னாளின் பெயரையே இது தாங்கி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அமைந்த இச்சதுக்கம், 2016இல் நிறைவுற்ற புனரமைப்புக்குப் பின், தன் புராதன வடிவை இழக்காமலே பெருமழை வெள்ளத்தை ஏற்றுக் கடலுக்கு அனுப்பும் பசும்பூங்காவாக மாறியதனால், நகர நிர்மாணக் கலையில் விசேஷமான இடத்தைப் பெற்றுள்ளது.

வரலாறு

ஓல்டன்பர்க் அரச வம்சத்தின் முந்நூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடும் பொருட்டு, ஐந்தாம் பிரெடரிக் மன்னன் 1749இல் தொடங்கிய பிரெடரிக்ஸ்டாடன் என்னும் புதுநகர்ப் பகுதியுடன் இச்சதுக்கத்தின் இன்றைய உருவம் பிணைந்துள்ளது. நேர்கோட்டு வீதிகளும் ஒத்த உயரமுள்ள மாளிகைகளும் கொண்ட அப்பகுதியின் பிரதான கட்டடக் கலைஞர் நிக்கோலாய் எய்க்ட்வெட் ஆவார். அதற்கு உறுதுணையாய் நின்ற ஆடம் காட்லோப் மோல்ட்கே பிரபு, அக்காலத்தில் தரங்கம்பாடியை நிர்வகித்துவந்த டேனிஷ் ஆசியக் கம்பெனியின் தலைவராகவும் விளங்கினார். சதுக்கத்தை அடுத்து நிற்கும் காரிஸன் தேவாலயம் அதனினும் மூத்தது. போர்வீரர்களுக்கென எழுப்பப்பெற்று 1706இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பிரெட்கேட முனையில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் தொடக்க ஆண்டுகளில் மெய்காவலர் எவருமின்றி நாள்தோறும் குதிரைமீதேறி நகர்வலம் வந்து மக்களுக்குத் தைரியமூட்டிய பத்தாம் கிறிஸ்டியன் மன்னனின் குதிரைச் சிலை நிற்கிறது. எதிர்முனையில், நீரோரத்தில், 2008இல் திறக்கப்பெற்ற அரச நாடக அரங்கு அமைந்துள்ளது.

2011ஆம் ஆண்டின் பெருமழை

2011 ஜூலை 2ஆம் நாள் சனிக்கிழமை மாலை கோபன்ஹேகன்மீது கொட்டிய மழை, சில மணி நேரத்துக்குள் சிற்சில இடங்களில் 130 மில்லிமீட்டரைத் தாண்டியது. மேகம் உடைவது என்று பொருள்படும் தனிச்சொல் ஒன்று டேனிஷ் மொழியில் உண்டு. அரை மணி நேரத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அந்நாட்டு வானிலை வல்லுநர்கள் அச்சொல்லை ஆள்வார்கள். அந்த அளவையே சிறிதாக்கிவிட்ட அன்றைய மழையில் நிலவறைகளும் கடைகளும் சாலைகளும் நீரில் மூழ்கின. சேதத்தின் மதிப்பு 500 கோடி குரோனருக்குக் குறையவில்லை. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுமாறு பழங்காலத்தில் அமைக்கப்பட்டிருந்த பாதாளச் சாக்கடைகள் அத்தனை நீரையும் கொள்ளமாட்டாமல் எதிர்த்துப் பொங்கியதே இதற்கு முதற்காரணம்.

சாக்கடைகளை மட்டும் மேன்மேலும் பெரிதாக்கிக்கொண்டு போவதைவிட, நீரைத் தரைமேலேயே வழிகாட்டி நடத்துவது சிக்கனமும் நகருக்கு அழகும் ஆகும் என்று கண்ட மாநகராட்சி, 2012இல் பெருமழை மேலாண்மைத் திட்டத்தை ஏற்றது. நூறாண்டுக்கு ஒருமுறை நேரக்கூடிய மழையிலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கலாகாது என்பது அதன் இலட்சியம். இருபதாண்டுக் காலத்தில் சுமார் 300 பணிகள் இதற்கென வகுக்கப்பட்டன.

புனரமைப்பு

அவற்றுள் முன்னதாக நிறைவேறியவற்றுள் ஒன்று புனித அன்னாள் சதுக்கம். இதன் வடிவமைப்பை ஷோன்ஹர் என்னும் நிலத்தோட்டக் கலைஞர் குழு மேற்கொண்டது. இருபுறமும் பழைய மாளிகைகள் அணிவகுத்திருக்க நடுவில் நீண்ட பசும்பரப்பு என்னும் ஆதிகால அமைப்பை மாற்றாமல், அப்பரப்பின் மட்டத்தை மாத்திரம் தாழ்த்தி, ஆழமில்லாத நீண்ட தொட்டிபோலக் குழிவாக்கியதே அவர்கள் செய்த முக்கியமான காரியம். சாதாரணத் தெருவில் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும்; ஆகையால் வெள்ளம் பெருகும்போது அது முதலில் வீட்டு வாசல்களைத்தான் தேடிச் செல்லும். இங்கே அந்த முறை தலைகீழாக்கப்பட்டு, கட்டடங்களை விட்டு விலகி நடுப்பசுமையை நாடும்படி நீருக்கு வழி காட்டப்பட்டுள்ளது. அன்றாட மழைநீர் கழிவுநீரோடு கலவாமல் தனிக்குழாய் வழியே துறைமுகத்தை அடைகிறது. குழாயின் சக்திக்கு மிஞ்சிய மழை பெய்தால், சதுக்கமே ஒரு வாய்க்காலாகி வெள்ளத்தைக் கடல்முகத்துக்குக் கொண்டு செலுத்துகிறது.

தொடர்புடைய பிற வெளிகள்

நகரின் ஓஸ்டர்புரோ பகுதியில் 2014இல் உருவான டோசிங்கே சதுக்கம், தார்ப்பரப்பைப் பெயர்த்தெடுத்துச் செடிகொடிகளுக்கு இடமளித்த முன்னோடியாகும். குளிர்காலத்தில் பனியுருக்கத் தெருவில் தூவும் உப்பு வேர்களைக் கருக்கிவிடுமாதலால், அங்கே கூரைநீர் வேறாகவும் தெருநீர் வேறாகவும் பிரிக்கப்படுகின்றன. கவிழ்த்த குடைகள்போல் வாய்விரித்து நிற்கும் பெரிய மழைநீர் ஏந்திகளையும் அங்குக் காணலாம். 1928இல் திறக்கப்பெற்ற எங்காவே பூங்காவும் தன் சமச்சீரான பழைய அமைப்பைக் காத்துக்கொண்டே, வெள்ளநீரைத் தேக்கும் நீர்நிலையாகத் திருத்தப்பட்டு, 2019இல் மீண்டும் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

முக்கியத்துவம்

புராதனத்தைக் காப்பாற்றுவதும் பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதும் ஒன்றற்கொன்று விரோதமானவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பழைய சதுக்கத்தில் ஒரு கல்லைக்கூட அசைக்கலாகாது என்பாரும், பழையதை முற்றும் துடைத்தெறிந்தாலன்றி வெள்ளத்தை வெல்ல இயலாது என்பாரும் இச்சதுக்கத்தைக் கண்டால் தங்கள் கொள்கையை மறுபரிசீலனை செய்யக்கூடும். இங்கே சிலை இடம்பெயரவில்லை, மாளிகைகளின் முகப்பு மறையவில்லை, தேவாலயத்தின் எதிரே புதுக் கட்டடம் ஏதும் எழவில்லை. நிலம் சற்றே தாழ்ந்து கொடுத்தது, அவ்வளவே. வறண்ட நாளில் இங்கு உலாவருவோர் கண்ணுக்கு அந்தத் தாழ்வு புல்வெளியின் மெல்லிய சரிவாக மட்டுமே தோன்றும். குழந்தைகள் அதில் ஓடியாடுவர், முதியோர் மரநிழலில் அமர்ந்து துறைமுகக் காற்றை வாங்குவர். மழை வரம்பு கடக்கும் அந்த அபூர்வமான நாளில்தான் அதே சரிவு வீட்டு வாசல்களைக் காக்கும் கரையாகிறது.