சூனியக்காரிக்கு வைத்த ஜாடி

2004இல் லண்டன் கிரீனிச் பகுதியில் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு ஜாடி கிடைத்தது. சூனியக்காரியின் செய்வினைக்கு எதிராக யாரோ தலைகீழாகப் புதைத்து வைத்திருந்தார்கள். ஆட்டினால் உள்ளே ஏதோ அலம்பியது, கலகலத்தது. 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கழுத்தில் தாடிக்காரர் முகம் பொறித்து, ஜெர்மனியின் ரைன் கரையிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய மதுச்சாடி வகை அது. கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் பெல்லார்மின் பெயரை அதற்கு ஒட்டவைத்துவிட்டார்கள்.

வேதியியலாளர் ஆலன் மாசி உள்ளே இருந்ததை ஆராய்ந்தார். மனித மூத்திரம், கந்தகம், 12 இரும்பு ஆணிகள், 8 பித்தளை ஊசிகள், தலைமுடி, வெட்டிய நகத்துண்டுகள். இதய வடிவில் வெட்டிய தோல்துண்டு ஒன்று. அதன் நடுவே ஓர் ஆணி. மூத்திரத்தில் நிகோட்டின் எச்சமும் இருந்தது. ஆக, அந்த ஆள் புகைபிடிப்பவர். நகங்களைப் பார்த்தால் கைகளைச் சீராகப் பேணியவர் என்றும் தெரிகிறது. பாமரர்களின் மூடநம்பிக்கை என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாத தடயம் இது.

இந்த ஜாடியைத் தாயத்து மாதிரி வெறும் காப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது பதிலடி. செய்வினை வைத்தவளுக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையே உடல்வழித் தொடர்பு ஒன்று உண்டு என்று நம்பினார்கள். பாதிக்கப்பட்டவரின் மூத்திரத்தில் ஊசிகளைப் போட்டு இறுக மூடினால் அவளுக்கு நீர் பிரியாது. வலி தாங்காமல் ஓடிவந்து வினையை எடுத்துவிடுவாள். 1671இல் ஜோசப் பிளாக்ரேவ் தன் மருத்துவ நூலிலேயே இந்த வழியைச் சொல்கிறார். அன்றைக்கு இது வைத்தியம்.

ஜோசப் கிளான்வில்லின் 1681ஆம் ஆண்டு நூலில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கதை ஒன்று வருகிறது. நோயில் கிடந்த மனைவிக்காகக் கணவர் ஜாடியை நெருப்பில் வைக்கிறார். தக்கை பிய்த்துக்கொண்டு பறந்து எல்லாம் சிதறுகிறது. இரண்டாம் தடவை மண்ணில் புதைக்கிறார். மனைவி தேறுகிறாள். கொஞ்ச நாளில் சில மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு வருகிறாள்: என் புருஷனைக் கொன்றுவிட்டீர்கள்! செத்தவன்தான் சூனியக்காரனாம்.

அடுப்படியும் வாசற்படியும்தான் இந்த ஜாடிகளைப் புதைக்கத் தோதான இடங்கள். புகைக்கூண்டு வழியாகத் தீய சக்தி இறங்கும் என்ற பயம் இருந்தது. பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்தைத் தண்டனைக்குரிய குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஜாடி வைப்பவர்கள் அதற்காக நிறுத்திவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிப் பாட்டில்களுக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆய்வாளர்களின் ஆதங்கம் வேறு. கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் மூடியைத் திறந்து கொட்டிக் கழுவிவிடுகிறார்கள். கிரீனிச் ஜாடிக்கு அந்தக் கதி நேராததால்தான் ஊசிக் கணக்குவரை தெரிய வந்தது.