நண்டு ஓட்டின் முறுக்கு

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள சந்தைக்குக் குபேர் அங்காடி என்று பெயர் வைத்தாலும் ஊர் வாயில் அது பெரிய மார்க்கெட்தான். அங்கே நண்டு வாங்குகிறவர்கள் ஓட்டை அழுத்திப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. ஓடு கெட்டியாக இருந்தால் உள்ளே சதை உண்டு. நெகிழ்ந்து கொடுத்தால் அண்மையில் சட்டை உரித்த நண்டு, உள்ளே தண்ணீர்தான். விரல் உணரும் அந்தக் கெட்டித்தனத்தைச் சுண்ணாம்பு மட்டும் தந்துவிடவில்லை. ஓட்டுக்குள் இருக்கும் கைட்டின் என்ற பொருளின் இழைகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதே அடுக்குமுறையைத்தான் இயற்பியலார் திரவப் படிகங்களில் முறுக்கு நிலை என்கிறார்கள். திரவப் படிகத்தின் வரலாற்றைக் கைக்கடிகாரம், கால்குலேட்டர், தொலைக்காட்சித் திரை என்று கருவிகளின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முறுக்கு என்ற அமைப்பை மனிதர் மெல்ல மெல்ல அடையாளம் கண்ட கதையே அதன் மைய வரலாறு என்பது என் கருத்து. அதற்கு உறுதியான சாட்சி மீன் கடைக் கூடையில் கிடக்கிறது.

1888-இல் பிராகா நகரத்துத் தாவரவியலார் ரைனிட்சர் கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியசில் அது உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. இடைப்பட்ட அந்த நிலை திரவம்போல் ஓடியது, படிகம்போல் ஒளியைக் கையாண்டது. ஜெர்மனியின் லேமன் அதைத் திரவப் படிகம் என்றார். அதற்குள் இருக்கும் ஒழுங்கைப் பிரித்துக் காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இத்தகைய திரவத்தை இரு தகடுகளுக்கிடையே வைத்து ஒரு தகட்டைத் திருப்பினால் மூலக்கூறுகளின் திசை அடுக்கடுக்காகத் திரும்புகிறது, ஒளியின் அதிர்வுத் திசையும் கூடவே திரும்புகிறது என்று 1911-இல் சார்ல் மொகேன் காட்டினார். 1922-இல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த நாளில், ஜார்ஜ் ஃபிரீதெல் திரவப் படிகங்களை மூன்றாக வகுத்தார். மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்பது நெமாட்டிக், படலம் படலமாக அடுக்கி நிற்பது ஸ்மெக்டிக், சுழன்று செல்வது கொலஸ்டிரிக். இந்த மூன்றாவது தனி இனமன்று, நெமாட்டிக்கே முறுக்கிக்கொண்ட வடிவம் என்று அவர் கண்டதுதான் திருப்புமுனை. இடக்கை, வலக்கைபோல் ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறுகள் நேருக்கு நேர் படிந்து நிற்பதில்லை, அடுத்ததற்குச் சற்றே சாய்ந்து நிற்கின்றன. சாய்வுகள் சேர்ந்து சுழலாகின்றன. ஆக, முறுக்கு ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் சொந்தமான குணமில்லை, அடுக்கும் முறை. அப்படியானால் அது வேறு பொருள்களிலும் இருக்கலாம்.

அந்த வாய்ப்பை நண்டில் கண்டவர் பிரெஞ்சு உயிரியலார் இவ் பூலிகான். ஓட்டின் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் வரிசை வரிசையாக வில்வளைவுகளைக் கண்டு, இழைகளே வளைந்து ஓடுவதாக நம்பினார்கள். எந்த இழையும் வளையவில்லை என்று 1965-இல் பூலிகான் விளக்கினார். கோரைப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றையும் கீழுள்ளதைவிடச் சிறிது திருப்பி அடுக்குங்கள். எல்லாக் கோரையும் நேராகத்தான் கிடக்கும். அடுக்கைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகத்தில் கோரைத் துண்டுகள் சேர்ந்து வில்லாகத் தெரியும். வளைவு கத்தியின் கோணத்தால் வந்தது, உண்மையில் இருப்பது சுழலும் அடுக்கு. 1972-இல் இந்த அமைப்பையும் கொலஸ்டிரிக் நிலையையும் அருகருகே வைத்து அவர் விரிவாக எழுதினார்.

நண்டு ஓடு கல்போன்ற திடப்பொருள், அதைத் திரவப் படிகத்தோடு சேர்க்கலாமா என்று கேட்பது நியாயம். வடிவம் ஒத்திருந்தால் உறவும் இருக்க வேண்டுமா, செல்கள் தம் வேலையாக இழைகளைத் திருப்பி வைத்திருக்கக்கூடாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. இரண்டுக்கும் 1993-இல் ஒரு சோதனை பதில் தந்தது. ரெவோல், மார்செசோ என்ற ஆய்வாளர்கள் நண்டு ஓட்டுக் கைட்டினை அமிலத்தில் இட்டு நுண்ணிய படிகக் குச்சிகளாக்கி நீரில் மிதக்கவிட்டார்கள். செறிவு கூடியதும், ஒரு செல்லின் துணையும் இல்லாமல், குச்சிகள் தாமாகவே முறுக்கு நிலையில் அடுக்கிக்கொண்டன. உயிருள்ள நண்டில் புரதமும் சுண்ணமும் கூடச் சேர்வதால் ஓடும் திரவப் படிகமும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. பூலிகானும் இத்தகைய அமைப்புகளைத் திரவப் படிகத்தை ஒத்தவை என்ற அளவிலேயே நிறுத்தினார். ஆனால் முறுக்கும் நாட்டம் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்பதை இனி மறுக்க இயலாது.

கொலஸ்டிரிக் திரவம் வண்ணம் காட்டுகிறதே, ஓடு ஏன் அப்படி மின்னவில்லை என்றும் கேட்கலாம். இதற்கான விடையில் நம் பக்கத்து உழைப்பும் உண்டு. சி. வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் (விண்மீன் ஆய்வுக்கு நோபல் பெற்ற சந்திரசேகர் அல்லர்) 1960-களில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது முறுக்கு அடுக்குகளில் ஒளி எப்படித் திரும்பி எதிரொளிக்கிறது என்பதைக் கணக்கிட்டார். ஒரு முழுச் சுழலின் நீளம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால்தான் வண்ணம் எழும். நண்டு ஓட்டில் அந்த நீளம் பல மடங்கு பெரிது. அங்கே முறுக்கின் பணி வேறு: ஓட்டில் விரிசல் விழுந்தால் அடுக்குக்கு அடுக்கு திசை மாறிச் செல்ல நேர்ந்து அந்த விரிசல் வலு இழக்கிறது. 1970-இல் வந்த கடிகாரத் திரையின் நுட்பமோ, மொகேன் கண்ட முறுக்கிலிருந்து 90 டிகிரித் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கருவி முறுக்கின் ஒரு பயன், ஓடு இன்னொரு பயன். கொதிநீரில் போட்டதும் நிறமி விடுபட்டு நண்டு சிவக்கிறது. முறுக்கு அப்போதும் குலைவதில்லை. சதையைத் தின்று நாம் எறியும் ஓட்டில் அது அடுக்கு மாறாமல் இருக்கிறது.