சர்க்கரை அரசர்கள்: ஹவானா இழந்த ஓர் அணி

கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1954ஆம் ஆண்டு முதல் ஒரு பேஸ்பால் அணி ஆடி வந்தது. ஷுகர் கிங்ஸ், அதாவது சர்க்கரை அரசர்கள், என்பது அதன் பெயர். ஏழு பருவங்கள்தாம் அதன் ஆயுள். ஏழாவது பருவம் நடந்துகொண்டிருந்தபோதே, 1960 ஜூலையில், வீரர்கள் வெளியூர் ஆட்டங்களுக்காகப் போயிருந்த நேரத்தில், அணியின் ஊரே மாற்றப்பட்டது. ஹவானாவிலிருந்து புறப்பட்டுப் போன அணி ஹவானாவுக்குத் திரும்பவேயில்லை.

அமெரிக்க விளையாட்டு எழுத்துகளில் இவ்வணியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு துப்பாக்கிச் சூட்டின் கதை தவறாமல் வந்துவிடும். மைதானத்தில் குண்டுகள் பாய்ந்தன, வீரர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லாமல் போயிற்று, ஆகவே அணி வெளியேறியது என்று கதை முடியும். கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் நாட்காட்டியைச் சற்றுப் பொறுமையாகப் புரட்டினால் அந்தக் காரணம் போதாது என்பது விளங்கும். குண்டு பாய்ந்த பிறகு இவ்வணி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அதே மைதானத்தில் ஆடியது. அந்த இடைவெளியில்தான் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியையும் பெற்றது. அதைக் கொன்றது குண்டு அல்ல. அதன் பெயரிலேயே இருந்த சர்க்கரைதான்.

*

கிரிக்கெட்டையே விளையாட்டின் மறுபெயராகக் கொண்டு வளர்ந்த நமக்கு, பேஸ்பால் என்றால் அமெரிக்கர்களின் ஆட்டம் என்ற எண்ணமே முதலில் வரும். கியூபர்கள் அதை ஒப்ப மாட்டார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு 1860களில் ஊர் திரும்பிய மாணவர்கள் மட்டையையும் பந்தையும் உடன் கொண்டுவந்தனர். 1874 டிசம்பர் இறுதியில் மத்தான்ஸாஸ் நகரில் நடந்த ஆட்டத்தில் ஹவானா அணி 51க்கு 9 என்ற கணக்கில் வென்றதாகப் பதிவு இருக்கிறது. 1878இல் கியூபாவுக்கென ஒரு லீக்கே அமைந்துவிட்டது. அன்று தீவை ஆண்ட ஸ்பெயினின் விளையாட்டு காளைச் சண்டை. அதை விரும்பாமல் பேஸ்பாலை விரும்புவது, ஆள்பவர்களிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டும் வழியாக இளைஞர்களுக்கு அமைந்தது. இரவல் பெற்ற ஆட்டம் விடுதலை உணர்வின் அடையாளமாக மாறிய விந்தை இது. கியூபாவின் பிற்காலப் பேஸ்பால் சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

அமெரிக்கப் பேஸ்பாலின் அடுக்குமுறையையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். உச்சியில் மேஜர் லீக். 1950களில் அதில் இருந்தவை பதினாறே அணிகள். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீகுகள். அவற்றில் மிக உயர்ந்த படிக்கு டிரிபிள் ஏ என்று பெயர். இந்தக் கீழ்ப்படி அணிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை. இளம் வீரர்கள் இங்கே பழுத்து மேலே போவார்கள். ஊர் மக்கள் தம் அணி என்று கொண்டாடினாலும், நல்ல வீரன் ஒருவன் தேறிவிட்டால் மேலிடம் எப்போது வேண்டுமானாலும் அவனை அழைத்துக்கொள்ளலாம்.

பாபி மதுரோ என்ற ரொபெர்த்தோ மதுரோ இத்தகைய டிரிபிள் ஏ அணியொன்றை ஹவானாவுக்குக் கொண்டுவந்தவர். வெனிசுவேலாவின் அரசியல்வாதி மதுரோவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் வசதியான கியூபக் குடும்பத்தில் பிறந்த தொழிலதிபர். மிகேல் சுவாரெஸ் என்பவருடன் சேர்ந்து ஹவானாவின் செரோ பகுதியில் இவர் கட்டிய கிரான் ஸ்டேடியம் 1946 அக்டோபரில் திறக்கப்பட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம் அது. குளிர்காலத்தில் கியூப லீகின் ஆட்டங்கள் அங்கே நடந்தன. கோடையிலும் அதே தரத்தில் ஆட்டம் நடக்க வேண்டும் என்று மதுரோ விரும்பினார்.

வாய்ப்பு பால்டிமோர் வழியாக வந்தது. 1954இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் என்ற மேஜர் லீக் அணி பால்டிமோர் நகருக்கு இடம்பெயர்ந்தது. அதனால் அங்கே இருந்த மைனர் லீக் அணி வெளியேற நேர்ந்தது. இப்படி மாற்றங்கள் நிகழ்ந்த அந்த ஆண்டில் இண்டர்நேஷனல் லீகில் ரிச்மண்டோடு ஹவானாவும் இடம்பிடித்தது. டொராண்டோ, மாண்ட்ரியால் போன்ற கனடா நகரங்களால் தன் பெயரிலிருந்த ‘சர்வதேச’ என்ற சொல்லைக் காப்பாற்றி வந்த லீக், இப்போது தெற்கே கடல் கடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து சின்சினாட்டி அணி ஷுகர் கிங்ஸின் தாய் அணியாயிற்று.

இன்னும் ஓர் அடி, சேர்ந்துவிடுவோம் என்பது அணியின் முழக்கம். சேர வேண்டிய இடம் மேஜர் லீக். இதை வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டுக் காலம் அசையாமல் இருந்த மேஜர் லீக் அணிகள் 1953 முதல் நகரத் தொடங்கியிருந்தன. 1958இல் நியூயார்க்கின் இரண்டு அணிகள் கண்டத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்கே போய்விட்டன. ஃப்ளோரிடாவின் முனையிலிருந்து நூறு மைலுக்குச் சற்றே கூடுதலான தொலைவில் இருந்த ஹவானா ஏன் முடியாது என்ற கேள்வியில் நியாயம் இருந்தது.

*

1959 ஜனவரி முதல் நாள் பாதிஸ்தா நாட்டைவிட்டு ஓடினார். புரட்சி வென்றது. ஃபிடல் காஸ்ட்ரோ பேஸ்பால் பிரியர். அவரை அமெரிக்க அணியொன்று ஒப்பந்தம் செய்ய முயன்றது, அது நடந்திருந்தால் உலக வரலாறே மாறியிருக்கும் என்ற கதை நம்மூர் வரைக்கும் வந்திருக்கிறது. கியூபப் பேஸ்பாலின் வரலாற்றை எழுதிய ரொபெர்த்தோ கொன்சாலெஸ் எச்செவர்ரியா அக்கதைக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டார். காஸ்ட்ரோ பந்தெறிந்தது உண்மை. 1959 ஜூலை 24 அன்று ஷுகர் கிங்ஸின் ஆட்டத்துக்கு முன்பு நடந்த காட்சி ஆட்டத்தில், தாடிக்காரர்கள் என்று பொருள்படும் ‘பார்புதோஸ்’ அணிக்காக அவர் களம் இறங்கினார்.

மறுநாள் இரவு ரோசெஸ்டர் அணியோடு ஆட்டம். கணக்குச் சமமாகி ஆட்டம் நீண்டது. நள்ளிரவு தாண்டியதும் ஜூலை 26 பிறந்தது. 1953இல் மொன்காதா படைமுகாம் தாக்கப்பட்ட நாள் அது. புரட்சி இயக்கத்தின் பெயரே அந்தத் தேதிதான். அரங்கிலும் வெளியிலும் இருந்தவர்கள் மகிழ்ச்சியில் வானை நோக்கிச் சுட்டார்கள். மேலே போன குண்டுகள் கீழே வந்தாக வேண்டுமல்லவா? ஒன்று ஷுகர் கிங்ஸின் இளம் ஷார்ட்ஸ்டாப் லியோ கார்தெனாஸின் தோளை உரசியது. மற்றொன்று ரோசெஸ்டரின் ஃப்ராங்க் வெர்டியின் தலையில் பட்டது. தொப்பிக்குள் அவர் பிளாஸ்டிக் காப்பு வைத்திருந்ததால் உயிர் பிழைத்தார். அணியின் மேலாளர் காட் டீல் நடுவரோடு வாதிட்டு வெளியேற்றப்பட்டிருந்ததால், அவர் நிற்க வேண்டிய இடத்தில் வெர்டி நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆட்டத்தை ஆடாமலே ரோசெஸ்டர் அணி ஊர் திரும்பியது.

அணி அப்போதே வெளியேற்றப்பட்டிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் லீக் அதைச் செய்யவில்லை. பிரெஸ்தோன் கோமெஸ் தலைமையில் ஷுகர் கிங்ஸ் அந்தப் பருவத்தில் மூன்றாவதாக முடித்து, இறுதிச் சுற்றில் கொலம்பஸையும் ரிச்மண்டையும் வீழ்த்தி லீகின் கோப்பையை வென்றது. அடுத்தது ஜூனியர் வேர்ல்ட் சீரீஸ். இரு டிரிபிள் ஏ லீகுகளின் வெற்றியாளர்கள் ஏழு ஆட்டங்களில் மோதும் தொடர். எதிரணி மினியாபொலிஸ் மில்லர்ஸ். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி அப்போது இருபது வயது இளைஞராக அந்த அணியில் இருந்தார்.

முதல் மூன்று ஆட்டங்கள் மினியாபொலிஸில் நடப்பதாக ஏற்பாடு. செப்டம்பர் இறுதியின் குளிர் கியூபர்களை வாட்டியது. இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து நாலாயிரம் பார்வையாளர்கள்கூட வரவில்லை. ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவது ஆட்டத்தைப் பனி தடுத்தது. எஞ்சிய அனைத்தையும் ஹவானாவிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஹவானாவில் நடந்த ஐந்து ஆட்டங்களுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் அரங்கம் முழுவதும் நின்றார்கள். காஸ்ட்ரோவும் வந்தார். அக்டோபர் 6 அன்று ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ் வரை மினியாபொலிஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஹவானா எட்டாவதில் சமன் செய்தது. ஒன்பதாவதில் தானியேல் மொரெஹோன் அடித்த அடியில் வெற்றி ஓட்டம் வந்து சேர்ந்தது. 3-2. கியூபாவின் அணி ஒன்று அமெரிக்க மண்ணின் அணியொன்றைத் தன் மக்களின் கண்முன் வென்று, மைனர் லீகுகளின் உச்சியைத் தொட்டது. இன்னும் ஓர் அடி என்ற முழக்கம் அன்றைக்கு எவ்வளவு மெய்யாகத் தோன்றியிருக்கும்!

*

ஒன்பதே மாதங்களில் எல்லாம் முடிந்தது. அந்த மாதங்களில் நடந்தவை விளையாட்டுப் பக்கத்தில் வரவில்லை, வணிகப் பக்கத்தில் வந்தன.

கியூபாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. 1934 முதல் அமெரிக்கா ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட அளவை ஒதுக்கீடாக வாங்கி வந்தது. தீவின் வருமானம் அந்த ஒதுக்கீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. 1960 பிப்ரவரியில் சோவியத் துணைப் பிரதமர் மிக்கோயன் ஹவானாவுக்கு வந்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் சர்க்கரை வாங்க ஒப்பந்தம் செய்தார். ஜூன் மாதம் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்த வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் ஆலைகளைக் கியூப அரசு கைப்பற்றியது. ஜூலை 6 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் கியூபாவின் சர்க்கரை ஒதுக்கீட்டிலிருந்து ஏழு லட்சம் டன்னை வெட்டினார்.

அதே வாரத்தில் சர்க்கரை அரசர்களின் கதையும் முடிந்தது. இண்டர்நேஷனல் லீகின் தலைவர் ஃப்ராங்க் ஷாக்னெஸ்ஸி அணியை நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டிக்கு மாற்றுவதாக அறிவித்தார். வீரர்களின் பாதுகாப்பே காரணம் என்று சொல்லப்பட்டது. வெளியுறவு அமைச்சர் கிறிஸ்டியன் ஹெர்ட்டரின் அழுத்தமும் பின்னால் இருந்தது. மதுரோ இம்முடிவை எதிர்த்தார். பயனில்லை. அமெரிக்க நிறுவனங்களைக் கியூபா பெருமளவில் நாட்டுடைமையாக்கியது ஆகஸ்ட் 6 அன்றுதான். சொத்துகள் போவதற்கு ஒரு மாதம் முன்பே அணி போய்விட்டது.

இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்வது எளிது, நேர்மையாகாது. மைதானத்தில் ஆயுதம் ஏந்தியவர்களைப் பார்த்து எதிரணியினர் அஞ்சியது பொய்யல்ல. அதே வேளையில், குண்டு பட்டபோது பொறுத்துக்கொண்ட லீக், சர்க்கரைக் கணக்கு முறிந்தபோது பொறுக்கவில்லை என்பதும் பொய்யல்ல.

*

தீர்மானம் மேலே எடுக்கப்பட்டது. தேர்வு கீழே இருந்தவர்களின் தலையில் விழுந்தது. 1960 பருவத்தின் மேலாளர் தோனி காஸ்தான்யோ ஜெர்சி சிட்டிக்குப் போக மறுத்து ஹவானா திரும்பினார். நப்போலியோன் ரெய்யெஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவரும் கியூபர்தாம். ‘ஜெர்சீஸ்’ என்று பெயர் மாறிய அணியை புதிய ஊர் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1961 பருவத்தோடு ஜெர்சி சிட்டியிலும் அது இல்லாமல் போயிற்று.

கியூபா 1961இல் தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. பழைய குளிர்கால லீகும் அதோடு மறைந்தது. ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆட விரும்பிய வீரன் ஊருக்குத் திரும்ப முடியாது, ஊரில் வாழ விரும்பியவன் மேஜர் லீகில் ஆட முடியாது. லியோ கார்தெனாஸ், குக்கி ரோஹாஸ், மிகேல் குவெய்யார் ஆகியோர் முதல் வழியில் போனார்கள். குவெய்யார் 1969இல் சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதைப் பகிர்ந்துகொண்டார். 1961 வேர்ல்ட் சீரீஸில் சின்சினாட்டியும் நியூயார்க் யாங்கீஸும் மோதியபோது, ஒரு பக்கம் கார்தெனாஸும் வெனிசுவேலாவின் எலியோ சக்கோனும், மறுபக்கம் போர்ட்டோ ரிக்கோவின் லூயிஸ் அர்ரோயோவும் இருந்தார்கள். மூவரும் முன்னாள் சர்க்கரை அரசர்கள். அந்த ஓர் அடியை வீரர்கள் தனித்தனியே எடுத்து வைத்துவிட்டார்கள், நகரத்தால்தான் முடியவில்லை.

கியூபாவில் பேஸ்பால் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1962இல் தேசியத் தொடர் தொடங்கியது. சம்பளமில்லாத அந்த ஆட்டத்திலிருந்து வந்தவர்கள் 1992, 1996, 2004 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார்கள்.

மதுரோ சொத்துகளை இழந்து மயாமிக்குப் போனார். 1979இல் கரீபிய நகரங்களை இணைத்து இண்டர் அமெரிக்கன் லீக் என்ற ஒன்றை மறுபடியும் முயன்றார். அது ஜூன் இறுதியிலேயே குலைந்தது. 1986இல் அவர் இறந்தார். மறு ஆண்டு மயாமியின் அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2001இல் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள்.

ஹவானாவில் அவர் கட்டிய அரங்கத்தின் பெயர் எஸ்தாதியோ லத்தீனோஅமெரிக்கானோ என்று மாறியது. 1999இல் பால்டிமோர் அணியும், 2016இல் ஒபாமா முன்னிலையில் டாம்பா பே அணியும் அங்கே வந்து ஆடின. கியூப வீரர்கள் நாட்டைத் துறக்காமலே மேஜர் லீகில் ஆட வழி செய்யும் உடன்படிக்கை ஒன்று 2018 டிசம்பரில் கையெழுத்தாயிற்று. நான்கே மாதங்களில், 2019 ஏப்ரலில், அமெரிக்க அரசு அதை ரத்து செய்தது. 1960இல் ஒரு மேலாளர் முன்னால் வைக்கப்பட்ட அதே கேள்வி, அவருக்குப் பேரர்கள் ஆகக்கூடிய வயதிலுள்ள வீரர்கள் முன்னால் மறுபடியும் வைக்கப்பட்டது: ஊரா, ஆட்டமா?